இதய நோயும் கன்னாபினாய்டு ஏற்பிகளும்: கஞ்சா வதந்திக்கு அப்பால்

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு வாட்ஸப்பில் வரும் ஃபார்வர்டுகளில் பாதி சர்க்கரை பற்றி இருக்கும், மீதி ஹார்ட் பற்றி இருக்கும். கொஞ்ச நாளாக ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது: “கஞ்சாவில் இதய நோய்க்கு மருந்து! விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு!” மேலே ஒரு பச்சை இலை, கீழே துடிக்கிற சிவப்பு இதயம். கடைக்கு வரும் ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் போனை நீட்டி, “இன்னாண்ணே, நெசமாவா?” என்றார். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஹார்பர் வேலையிலிருந்து ரிட்டயர்டு ஆன பெரியவர் ஒருவரும் அதையே கேட்டார், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

வடசென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும்தான் என்று சினிமாக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். என் கடையில் உட்கார்ந்து பார்த்தால் இங்கே அதிகம் ஓடுவது பிரஷர் மாத்திரைதான் என்று தெரியும். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அந்த ஃபார்வர்டில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அந்த ஒரு துளிதான் ஆபத்து.

உண்மை இதுதான். கஞ்சாவில் உள்ள ஒரு பொருள் போய் ஒட்டிக்கொள்ளும், ஏற்பிகள் என்ற சில புரதங்கள் மூளையில் மட்டுமல்ல, நம் இதயத்திலும் ரத்தக்குழாய்களிலும் இருக்கின்றன. அந்தப் புரதங்களை மருந்தால் தூண்டியோ தடுத்தோ இதய நோயைக் கட்டுப்படுத்த முடியுமா என்று முப்பது வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இதிலிருந்து “கஞ்சா பிடித்தால் ஹார்ட்டுக்கு நல்லது” என்று முடிவு கட்டுவது தலைகீழ். அந்த ஆராய்ச்சியில் ஒரு பெரிய பகுதி, கஞ்சா செய்யும் வேலையை எப்படித் தடுப்பது என்பதைப் பற்றித்தான்.

மாத்திரைக் கவரில் இருக்கும் பாடம்

ஏற்பி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள லேபுக்குப் போக வேண்டாம். மாரடைப்பு வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்தோ பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்தோ டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவரின் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் இந்த ஐந்தும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோபிரலால், டெல்மிசார்டன். எதிரே 1-0-1, 0-0-1 என்று எழுதியிருப்பார்கள்.

இதில் ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் நொதிகளை, அதாவது உடம்பில் வேதிவேலைகளை நடத்தும் புரதங்களை, தடுக்கிற மருந்துகள். மற்ற மூன்றும் ஏற்பிகள் மேல் வேலை செய்பவை. மெட்டோபிரலால், இதயத்தில் உள்ள பீட்டா ஏற்பியை மறைத்துவிடுகிறது. அட்ரினலின் வந்து இதயத்தை விரட்ட முடியாது. டெல்மிசார்டன், ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பியை மறைக்கிறது. ரத்தக்குழாய் இறுகாமல் பிரஷர் இறங்குகிறது. குளோபிடோக்ரல், ரத்தத் தட்டணுக்களின் மேல் உள்ள ஒரு ஏற்பியை அடைத்துவிடுகிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவது குறைகிறது.

ஏற்பி என்பது செல்லின் வெளிச்சுவரில் பதிந்திருக்கும் புரதம். அதை வாசலில் இருக்கும் காலிங் பெல் என்று நினைத்துக்கொள்ளலாம். பெல்லை அழுத்துகிறவர் வீட்டுக்குள் போவதில்லை. ஆனால் உள்ளே இருப்பவர்கள் எழுந்து வேலை பார்க்கிறார்கள். அதே மாதிரி ஹார்மோனோ மருந்தோ செல்லுக்குள் நுழையாமலே, வெளியே ஏற்பியைத் தொட்டு, உள்ளே வேலையை மாற்றிவிடும். அழுத்துகிற மருந்து தூண்டி. பெல் மேல் கையை வைத்து யாரையும் அழுத்தவிடாமல் செய்கிற மருந்து தடுப்பான். மேலே சொன்ன மூன்றும் தடுப்பான்கள்.

இந்த மூன்று மருந்துகள் தொடும் ஏற்பிகளும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜி புரதத்தோடு இணைந்த ஏற்பிகள் என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர். அதைப் பற்றிய ஆய்வுக்குத்தான் 2012-ல் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. கஞ்சாவின் பொருள் போய் ஒட்டும் கன்னாபினாய்டு ஏற்பிகளும் இதே குடும்பம்தான். அதனால், “இவற்றை வைத்தும் இதயத்துக்கு மாத்திரை செய்யலாமே” என்று விஞ்ஞானிகளுக்குத் தோன்றியதில் வியப்பு ஒன்றும் இல்லை.

சிபி1, சிபி2

கஞ்சாவில் போதை தரும் பொருள் டி.எச்.சி. அதை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் பிரித்தெடுத்து அதன் வடிவத்தைச் சொன்னார்கள். அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது மட்டும் இன்னும் கால் நூற்றாண்டு பிடிபடவில்லை. 1990-ல் முதல் ஏற்பியின் மரபணு கிடைத்தது, அதுதான் சிபி1. 1993-ல் இரண்டாவது, சிபி2.

நம் உடம்பு கஞ்சாவுக்காக ஏற்பி செய்து வைத்துக்கொண்டு காத்திருக்குமா என்ன? அந்த பெல்லை அழுத்த உடம்புக்குள்ளேயே ஆள் இருக்க வேண்டும். 1992-ல் மெக்கூலத்தின் குழு ஆனந்தமைடு என்ற பொருளைக் கண்டுபிடித்தது. 1995-ல் 2-ஏஜி என்று இன்னொன்று. இரண்டும் செல் சுவரின் கொழுப்பிலிருந்து, தேவைப்படும்போது தேவைப்படும் இடத்தில் உருவாகின்றன. வேலை முடிந்ததும் நொதிகள் உடனே சிதைத்துவிடுகின்றன. இது முக்கியம். உடம்பின் சொந்தப் பொருள் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடும். டி.எச்.சி. அப்படியில்லை, உடம்பு முழுக்கப் பரவி, மணிக்கணக்கில் பெல்லை அழுத்திக்கொண்டே இருக்கும். எந்த வீடு, எந்த நேரம் என்ற கணக்கே அதற்குக் கிடையாது.

சிபி1 அதிகம் இருப்பது மூளையில். பசி, பயம், மனநிலை, வலி எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. இதயத் தசை, ரத்தக்குழாய்ச் சுவர், கல்லீரல், கொழுப்புத் திசு ஆகியவற்றிலும் குறைந்த அளவில் இருக்கிறது. சிபி2 அதிகம் இருப்பது நோய் எதிர்ப்புச் செல்களில், அதாவது வெள்ளையணுக்களில். இதயம், ரத்தக்குழாய் ஆகியவற்றின் செல்களிலும் இருக்கிறது.

இதய நோயில் வெள்ளையணுவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. அடைப்பு என்றதும் நாம் எல்லோரும் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிவது மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். கெட்ட கொழுப்பு ரத்தக்குழாயின் உள்சுவருக்கு அடியில் நுழைகிறது. அதை அந்நியன் என்று நினைத்து வெள்ளையணுக்கள் பின்னாலேயே நுழைகின்றன. கொழுப்பை விழுங்கி விழுங்கி உப்பிப் போய், அங்கேயே செத்து, மேலும் வெள்ளையணுக்களைக் கூப்பிடுகின்றன. சுவருக்குள் ஒரு புண் மாதிரி ஆகிவிடுகிறது. இந்த அழற்சியால் படிவின் மேல்தோல் மெலிந்து ஒரு நாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. அதுதான் மாரடைப்பு. பல பேருக்கு அடைப்பு ஐம்பது, அறுபது சதவீதம்தான் இருந்திருக்கும், ஆனாலும் அட்டாக் வந்துவிடும். “போன மாசம் ஈசிஜி எடுத்தப்ப நல்லாத்தானே இருந்துது” என்று வீட்டார் புலம்புவது இதனால்தான்.

சிபி1, சிபி2 இரண்டும் இந்தக் கதையில் நேரெதிர் பக்கங்களில் நிற்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், விலங்குச் சோதனைகளில் சிபி1-ஐத் தொடர்ந்து தூண்டினால் அழற்சி கூடுகிறது, ரத்தக்குழாய்ச் சுவர் கெடுகிறது, இதயத் தசையில் நாரும் தழும்பும் பெருகுகின்றன. சிபி2-ஐத் தூண்டினால் வெள்ளையணுக்கள் சுவருக்குள் நுழைவது குறைகிறது, சேதம் குறைகிறது. எனவே மருந்து செய்கிறவர்களின் ஆசை இரண்டு: சிபி1-ஐத் தடுக்க வேண்டும், சிபி2-ஐத் தூண்டிவிட வேண்டும்.

சிபி1 எப்போதும் வில்லன் என்றும் சொல்லிவிட முடியாது. பிரஷர் ஏறிய எலிகளில் ஆனந்தமைடு சிபி1 வழியாகத்தான் பிரஷரை இறக்குகிறது. ஒரே ஏற்பி எந்த நோயில், எந்த உறுப்பில் என்பதைப் பொறுத்து வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். இந்தத் துறையில் தெளிவான பதில் சீக்கிரம் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வரலாம். கஞ்சா பிடித்தால் டி.எச்.சி. இரண்டு ஏற்பிகளையும் தொடும். ஆனால் போதை வருகிற அளவில் பிடிக்கிறவருக்கு சிபி1 பக்கம்தான் எடுபடுகிறது. சில நிமிடங்களில் நாடித்துடிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ ஏறும். சிலருக்கு இரட்டிப்பாகவும் ஆகும். திடீரென்று எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயத்துக்கு வேலை கூடுகிறது, சாப்பாடு குறைகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு இது போதும்.

அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 3,882 பேரிடம் பேட்டி எடுத்து 2001-ல் ஒரு ஆய்வு வந்தது. கஞ்சா பிடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 4.8 மடங்கு என்று அதில் கணக்கிட்டார்கள். பிடித்தவர்களின் எண்ணிக்கை அந்த ஆய்வில் குறைவு, வெறும் 124 பேர், அதனால் அந்த 4.8-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024-ல் அங்கேயே நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவலை வைத்து வந்த ஆய்வில், தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 25 சதவீதமும் பக்கவாத வாய்ப்பு 42 சதவீதமும் அதிகம் என்று தெரிந்தது. இதுவும் கேள்வி கேட்டு எடுத்த கணக்குதான். கஞ்சாதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நம் பக்கம் சிகரெட்டைக் கொட்டி புகையிலையோடு கலந்து பிடிக்கிற பழக்கம் வேறு இருக்கிறது. அதற்குத் தனிக் கணக்கு.

லேபில் செய்த போலிக் கஞ்சா இன்னும் மோசம். டி.எச்.சி. பெல்லை அரைகுறையாகத்தான் அழுத்தும். இந்தச் செயற்கைப் பொருட்கள் முழுசாக அழுத்திப் பிடிக்கும். அமெரிக்காவின் டெக்சாஸில் 16 வயதுப் பையன்கள் மூன்று பேருக்கு இதனால் மாரடைப்பு வந்ததை 2011-ல் டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பதினாறு வயதில் மாரடைப்பு!

ரிமோனபன்ட்டின் கதை

சிபி1 இவ்வளவு கெடுதல் செய்கிறது என்றால் அதைத் தடுத்தால் சரியாகிவிடுமே? அதைத்தான் செய்து பார்த்தார்கள். ஒரு தடவை, பெரிய அளவில்.

ரிமோனபன்ட் என்பது சிபி1 தடுப்பான் மாத்திரை. கஞ்சா அடித்தால் பசி எடுக்கும் என்பது பிடிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அப்படியானால் அதே ஏற்பியைத் தடுத்தால் பசி குறைய வேண்டும். குறைந்தது. எடை இறங்கியது, இடுப்புச் சுற்றளவு குறைந்தது, நல்ல கொழுப்பு கூடியது, ட்ரைகிளிசரைடு இறங்கியது. கேட்கவே இனிப்பாக இருக்கிறது. 2006-ல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்கு அனுமதி கொடுத்தார்கள். இந்தியாவிலும் எடை குறைக்கும் மாத்திரையாக விற்றது.

எடை குறைந்தது சரி, இதயத்துக்கு என்ன ஆனது? இதற்காக இரண்டு சோதனைகள் நடந்தன. ஒன்றில் 839 பேரின் இதய ரத்தக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்டு கருவியை நுழைத்து, 18 மாதம் மருந்து கொடுத்து, கொழுப்புப் படிவு குறைந்ததா என்று அளந்து பார்த்தார்கள். முக்கிய அளவுகோலில் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு அளவில் கொஞ்சம் நல்ல அறிகுறி இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது சோதனை பெரியது: 42 நாடுகளில் 18,695 பேர். இதய நோய் உள்ளவர்கள், அல்லது வர அதிக வாய்ப்புள்ளவர்கள். பாதிப் பேருக்கு தினமும் 20 மில்லிகிராம் ரிமோனபன்ட், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. பல வருடம் நடத்துவதாகத்தான் திட்டம். ஆனால் சராசரியாக 13.8 மாதத்திலேயே நிறுத்த வேண்டி வந்தது. அதுவரை இதய நோயால் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 3.9 சதவீதம், சாப்பிடாதவர்களில் 4.0 சதவீதம். இரண்டும் ஒன்றுதான். மனநலக் கோளாறுகளில்தான் வித்தியாசம் தெரிந்தது: மருந்து சாப்பிட்டவர்களில் 32 சதவீதம், மற்றவர்களில் 21 சதவீதம். தற்கொலை, மருந்து சாப்பிட்டவர்களில் நான்கு, மற்றவர்களில் ஒன்று.

2007-லேயே அமெரிக்க நிபுணர் குழு இந்த மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2008 அக்டோபரில் ஐரோப்பாவில் விற்பனையை நிறுத்தினார்கள். 2009-ல் இந்தியாவிலும் தடை வந்தது.

எங்கே தப்பு? சிபி1 மூளையில்தான் அதிகம் என்று முன்னால் சொன்னேன். மாத்திரைக்கு இதயம் எது, மூளை எது என்று தெரியாது. பசியைக் குறைத்த கையோடு மனதின் நிம்மதியையும் குறைத்துவிட்டது. இதய நோயாளிகளுக்கு ஏற்கெனவே மனச்சோர்வு அதிகம். ஸ்டென்ட் வைத்த மனுஷன் வீட்டில் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ குடும்பங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவரிடம் இந்த மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எடை குறைந்த கிராஃபைப் பார்த்து எல்லோரும் மயங்கிவிட்டார்கள்.

ஆனால் ஏற்பி தப்பான குறி என்று இந்தக் கதை காட்டவில்லை. மருந்து தப்பான இடத்துக்குப் போனது, அவ்வளவுதான் தெரிந்தது. இதயத்துக்கு நல்லதா இல்லையா என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைப்பதற்கு முன்பே சோதனை நின்றுவிட்டது.

அதனால் அடுத்த தலைமுறை மருந்துகளில் ஒரே குறிக்கோள்: மூளைக்குள் போகாத சிபி1 தடுப்பான். ரத்தத்திலிருந்து கண்ட பொருளும் மூளைக்குள் புகுந்துவிடாமல் ஒரு இயற்கைத் தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்ட முடியாதபடி மூலக்கூறை வடிவமைக்கிறார்கள். மோன்லுனபன்ட் என்ற ஒன்றை உருவாக்கிய சிறு கம்பெனியை 2023-ல் நோவோ நார்டிஸ்க் என்ற பெரிய மருந்துக் கம்பெனி, அதிகபட்சம் நூறு கோடி டாலருக்குச் சற்று மேல் வரை கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. 2024-ல் முடிவு வந்தது: 16 வாரத்தில் 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு எடை சுமார் 7 கிலோ குறைந்திருந்தது. ஆனால் எரிச்சல், பதற்றம், தூக்கக் கெடுதல் என்று மனம் சம்பந்தப்பட்ட பக்கவிளைவுகள் இதிலும் தலைகாட்டின, டோஸ் கூடக் கூட அதிகமாக. பழைய பேய் முழுசாகப் போகவில்லை. அதுவும் இது எடைக்கான சோதனை, இதயத்துக்கான சோதனை அல்ல.

சுண்டெலிகள் சொன்னது

சிபி2 பக்கம் கதை இன்னும் சுண்டெலிக் கூண்டைத் தாண்டவில்லை. ஆனால் அங்கே நடந்தது சுவாரசியமானது.

சுண்டெலிக்கு நம்மைப் போல இதயக் குழாயில் அடைப்பு வராது. அதனால் ஏபோஈ என்ற மரபணுவை எடுத்துவிட்ட எலிகளை வைத்துக்கொள்கிறார்கள். இவற்றுக்குக் கொழுப்புத் தீனி போட்டால் சில வாரங்களில் ரத்தக்குழாயில் படிவு வந்துவிடும். 2005-ல் ஜெனீவாவில் இருந்து வந்த ஆய்வில், இப்படிப் படிவு வர ஆரம்பித்த எலிகளுக்கு மிகக் குறைந்த அளவு டி.எச்.சி.யை வாய்வழியாகக் கொடுத்தார்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம். ரத்தத்தில் அது போதை தரும் அளவை எட்டவே இல்லை. படிவு வளர்வது குறைந்தது. அப்புறம் சிபி2 தடுப்பானைச் சேர்த்துக் கொடுத்தார்கள், நன்மை மறைந்துவிட்டது. அதாவது நன்மை செய்தது சிபி2 வழிதான்.

வாட்ஸப் ஃபார்வர்டின் வேர் இந்த மாதிரி ஆய்வுகளில்தான் இருக்கிறது. நடுவில் “எலி”, “போதை தராத அளவு”, “சிபி2” என்ற மூன்று விஷயங்களும் கழன்று விழுந்துவிட்டன. மிச்சம் இருப்பது பச்சை இலை.

2022-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இதே டி.எச்.சி.யின் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே டி.எச்.சி. கொடுத்த எலிகளின் ரத்தக்குழாயில் சிபி1 வழியாக அழற்சி கூடி, படிவு பெரிதானது. ஒரே பொருள், ஒரே மாதிரி நோய், எதிரெதிர் முடிவு. அளவும் எந்த ஏற்பி முன்னால் நிற்கிறது என்பதும் மாறினால் எல்லாம் மாறிவிடுகிறது. அதே ஆய்வில் சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் என்ற பொருள் மூளைக்குள் அதிகம் போகாமல் ரத்தக்குழாயின் சிபி1-ஐத் தடுத்து, எலிகளைக் காப்பாற்றியதாகவும் பார்த்தார்கள். உடனே மீல்மேக்கரைக் கிலோ கணக்கில் வாங்க வேண்டாம். எலிக்குப் பிரித்தெடுத்த மருந்தாகக் கொடுத்ததும் நாம் பிரியாணியில் போட்டுச் சாப்பிடுவதும் ஒன்றல்ல.

மாரடைப்புக்குப் பிறகான சேதத்திலும் சிபி2-ஐச் சோதித்திருக்கிறார்கள். அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பப் பாயும்போது, கூடவே வெள்ளையணுக்களும் கும்பலாக வந்து, பிழைத்திருக்கும் தசையையும் கெடுத்துவிடும். எலிகளில் இதயக் குழாயைக் கட்டிவிட்டு அவிழ்த்து, சிபி2 தூண்டி கொடுத்தால் செத்துப்போகும் தசையின் பரப்பு குறைகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்ஸோரூபிசின் இதயத்தைக் கெடுப்பது தெரிந்த விஷயம். எலிகளில் சிபி1 தடுப்பான் அந்தக் கெடுதலைக் குறைத்தது. இரண்டும் நல்ல செய்திதான்.

ஆனால் எலியின் இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் துடிக்கும். அந்த எலிக்கு வயது சில மாதம். நம் நோயாளிக்கு வயது 58, சர்க்கரை 15 வருடம், பீடி 30 வருடம். மேலும் அழற்சியை முழுசாக அடக்கினாலும் சிக்கல்: செத்த தசையை அப்புறப்படுத்தி உறுதியான தழும்பு போடுவதும் அதே வெள்ளையணுக்கள்தான். எப்போது அடக்குவது, எப்போது விடுவது என்ற நேரக்கணக்கு மனிதருக்கு இன்னும் பிடிபடவில்லை. இதய நோய்க்கென்று சிபி1, சிபி2 ஏற்பிகளைக் குறிவைத்து அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது.

ஒப்பிட்டுப் பார்த்தால் பீட்டா ஏற்பிக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பி இருக்க வேண்டும் என்று ரேமண்ட் ஆல்குவிஸ்ட் சொன்னது 1948-ல். ஜேம்ஸ் பிளாக் அதை வைத்து ப்ரோப்ரனலால் என்ற மருந்தைக் கொண்டுவந்தது 1960-களின் நடுவில். 1988-ல் அவருக்கு நோபல். இருபது வருடத்துக்குள் யோசனை மாத்திரையாகிவிட்டது. ஆனால் அங்கேயும் ஒரு திருப்பம் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு பீட்டா தடுப்பானைக் கொடுக்கவே கூடாது என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். 1999-ல் பெரிய சோதனைகள் வந்த பிறகு, அவர்களுக்குத்தான் முதலில் எழுதுகிறார்கள்.

கடையில் கேட்கும் மற்ற கேள்விகள்

“சிபிடி ஆயில் வாங்கலாமா?” என்றும் கேட்கிறார்கள். சிபிடி வேறு, சிபி1 வேறு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சிபிடி கஞ்சாச் செடியிலேயே உள்ள இன்னொரு பொருள், போதை தராது, இந்த இரண்டு ஏற்பிகளிலும் சரியாக ஒட்டுவதும் கிடையாது. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை அடிக்கடி வீங்கும் நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் நடக்கின்றன. ஆன்லைனில் கஞ்சா இலை எண்ணெய் என்று ஆயுர்வேத லைசென்ஸோடு விற்பது வேறு சமாச்சாரம்; அந்தச் சோதனைகளில் கொடுக்கும் மருந்து அது அல்ல.

வால்வு ஆபரேஷன் செய்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிபிடி பக்கம் தலைவைத்துப் படுக்கவே கூடாது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது மந்தமாக்கும். வார்ஃபரின் சாப்பிட்டவருக்கு சிபிடி சேர்ந்ததும் ரத்தம் உறையும் நேரம் கூடிப்போனதாகப் பதிவு இருக்கிறது. அப்படிக் கூடினால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக் கசிவு வரலாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வேறு கவலை: குளோபிடோக்ரல் சாப்பிட்டதுமே வேலை செய்யாது, கல்லீரல் நொதி ஒன்று அதை மாற்றித் தந்தால்தான் வேலை செய்யும். சிபிடி தடுக்கும் நொதிகளில் அதுவும் ஒன்று.

“கஞ்சாவுல வர்றதுன்னா இயற்கைதானே, கெமிக்கல் மாத்திரைய நிறுத்திடலாமா?” என்று கேட்டவரும் உண்டு. நிறுத்தக் கூடாது. மெட்டோபிரலாலைத் திடீரென்று விட்டால் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த பீட்டா ஏற்பிகள் ஒரேயடியாக அட்ரினலினுக்குத் திறந்துகொள்ளும். நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் குளோபிடோக்ரலை நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். கையில் காசில்லை என்பதால்தான் நிறுத்துகிறீர்கள் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் இவை இலவசம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன.

கஞ்சாப் பழக்கம் உள்ளவர்கள் ஆஞ்சியோவுக்கோ ஆபரேஷனுக்கோ போகும்போது கடைசியாக எப்போது பிடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வழக்கமாகப் பிடிக்கிறவர்களுக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம், நாடித்துடிப்பையும் டாக்டர்கள் வேறு விதமாகக் கவனிக்க வேண்டியிருக்கும். பெண்டாட்டி, அம்மா முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், டாக்டரிடம் தனியாக இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல.